ஸ்பகெட்டி ஸ்குவாஷும் அது விடும் தண்ணீரும்

குன்னூர்

அன்புள்ள கண்ணு,

மாப்பிள்ளை சர்க்கரைக்காக ராத்திரிச் சோற்றைக் குறைத்துவிட்டார், பாஸ்தாவை மட்டும் விடமுடியவில்லை என்று போனில் சொன்னாய் அல்லவா? அதற்காகத்தான் ஸ்பகெட்டி ஸ்குவாஷ் இரண்டு அனுப்பியிருக்கிறேன். பூசணிக் குடும்பத்துக் காய்தான், வெந்ததும் சதை பாஸ்தா மாதிரி இழை இழையாகப் பிரியும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ இருக்கும். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். இதை அடுப்புப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். கோதுமைப் பாஸ்தா வேகும்போது தண்ணீரைக் குடிக்கும். இந்தக் காய் வேகும்போது தண்ணீரை விடும். இதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். தட்டின் அடியில் தண்ணீர் தேங்குகிறது, சப்பென்று இருக்கிறது, சாஸ் ஒட்டவே இல்லை என்று குறை சொல்கிறவர்கள் எல்லோரும் பாஸ்தாவைப் போலவே இதையும் கொதிநீரில் போட்டவர்களாகத்தான் இருப்பார்கள். வெட்டும்போதும் வேகவைக்கும்போதும் சாஸ் கிளறும்போதும் தண்ணீர் எப்படி வெளியே போகும் என்பதிலேயே கண்ணாக இரு. மற்றது தானாக வரும்.

வெட்டுவதற்கு முன் காயைப் பார். தோல் முழுக்க வெண்ணெய் மஞ்சளாக, நகம் இறங்காத அளவு கெட்டியாக இருக்க வேண்டும். காம்பு காய்ந்திருக்க வேண்டும். பச்சை ஓடுகிற காயில் இழை பிரியாது, சுரைக்காய் மாதிரி கொழகொழவென்று போகும். இந்த இரண்டும் நன்றாக முற்றியவை. அங்கே சென்னையில் கடையில் பார்த்து வாங்கினாலும் இதே கணக்குதான்.

எல்லோரும் இதை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். நீ அப்படிச் செய்யாதே. இழைகள் காம்பிலிருந்து நுனிக்கு ஓடுவதில்லை, காயின் இடுப்பைச் சுற்றி வளையம் வளையமாக ஓடுகின்றன. நீளவாக்கில் பிளந்தால் ஒவ்வொரு இழையும் இரண்டாகத் துண்டாகிவிடும், முள்கரண்டியில் சுற்ற நீளம் கிடைக்காது. காயைப் படுக்க வைத்து, இரண்டு முனையிலும் ஒரு விரல்கடை அளவு சீவிவிட்டு, குறுக்கே 3 முதல் 4 சென்டிமீட்டர் தடிமனில் வளையங்களாக வெட்டு. தோல் கெட்டி, கத்தி சறுக்கும், கவனம். அடியில் ஈரத்துணி விரித்துக்கொள். கத்தி இறங்கவே மாட்டேன் என்றால், முழுக்காயில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் கத்தி நுனியால் ஆழமாகக் குத்தி மைக்ரோவேவில் 3 நிமிஷம் வை, தோல் இளகிக்கொடுக்கும். குத்தாமல் வைத்தால் உள்ளே ஆவி சேர்ந்து காய் வெடிக்கும். நடுவிலிருக்கும் விதையையும் நாரையும் கரண்டியால் வழித்தெடு. சதையைச் சுரண்டாதே, அதுதான் நமக்கு வேண்டிய இழை.

சமைக்கும் முன் பச்சையாக ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார். வெள்ளரிக்காய் போல் இருக்க வேண்டும். கசந்தால் காய் முழுவதையும் குப்பையில் போடு, யோசிக்காதே. பூசணிக் குடும்பத்தில் குக்குர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் சில காயில் கூடிவிடும். வேகவைத்தாலும் போகாது. வாந்தியும் பேதியும் கொண்டுவரும். அபூர்வம்தான், ஆனால் நாக்கில் வைத்துப் பார்க்க ஒரு நொடி போதும்.

வளையங்களின் இரண்டு பக்கமும் உப்புத் தூவு. ஒரு காய்க்கு ஒரு டீஸ்பூன் போதும். கால் மணி நேரத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் வியர்க்கும். சுத்தமான துணியால் ஒற்றியெடு, உப்பில் பாதி அதோடு போய்விடும். பலரும் விட்டுவிடுகிற வேலை இது. இதைச் செய்த காய்க்கும் செய்யாத காய்க்கும் உள்ள வித்தியாசம் சாஸ் ஊற்றியதும் தெரியும்.

உன்னிடம் ஓடிஜி, அந்தச் சின்னக் கரண்ட் ஓவன், இருக்கிறது, அதுவே எல்லாவற்றிலும் நல்ல வழி. வறண்ட சூட்டில் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், ஓரம் லேசாகச் சிவந்து இனிப்பும் ஏறும். 200 டிகிரியில் 10 நிமிஷம் முன்சூடு ஏற்றிவை. வளையங்களில் எண்ணெய் லேசாகத் தடவி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் அடுக்கு. நெருக்கி அடுக்கினால் ஒன்றின் ஆவியில் இன்னொன்று அவிந்துபோகும். ஒரே தட்டில் இடம் போதவில்லையென்றால் இரண்டு தடவையாக வை. 15 நிமிஷத்தில் ஒரு தடவை திருப்பிப் போட்டு, 30 நிமிஷத்தில் முள்கரண்டியால் ஓரத்தில் இழுத்துப் பார். இழை தனியாக வந்து, கடித்தால் நறுக்கென்று கொஞ்சம் எதிர்க்க வேண்டும். அங்கேயே நிறுத்து. 40 நிமிஷத்துக்கு மேல் போக வேண்டி வராது.

ஏன் அவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், இழைக்கும் இழைக்கும் நடுவே பிடித்துவைத்திருப்பது பெக்டின் என்ற பசைப்பொருள். சூட்டில் முதலில் அதுதான் இளகும், இழைகள் பிரியும். இன்னும் சூடு கொடுத்தால் இழைக்குள்ளே இருப்பதும் இளகி எல்லாம் கூழாகிவிடும். இரண்டுக்கும் நடுவே உனக்குக் கிடைப்பது ஐந்து பத்து நிமிஷம்தான். கொஞ்சம் குறைவாக வெந்ததைத் திரும்பச் சூடேற்றிச் சரிசெய்யலாம். கூழானதை மசித்து அடை மாவில்தான் கலக்க வேண்டும்.

கரண்ட் இல்லாத நாளில் இட்லிப் பானை போதும். தட்டில் வளையங்களை வைத்து, மூடியைத் துணியால் கட்டிவிடு. இல்லாவிட்டால் மூடியில் சேரும் தண்ணீர் காயின் மேலேயே சொட்டும். இங்கே நான் 25 நிமிஷம் வைக்கிறேன், உனக்கு அவ்வளவு வேண்டாம். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து 1850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் அதைவிடவும் குறைவு. மலையில் பருப்பு வேக நேரமாவது அதனால்தான். சென்னையில் ஆவி 100 டிகிரியில் இருக்கும், காய் சீக்கிரம் வெந்துவிடும். 15 நிமிஷத்தில் திறந்து பார்க்க ஆரம்பி. மலையிலிருந்து யார் எழுதித்தந்த வேகவைக்கும் நேரமானாலும் இந்தத் திருத்தத்தைச் செய்துகொள். ஓவன் நேரத்துக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.

குக்கர் என்றால் அடியில் ஒரு டம்ளர் தண்ணீர், ஸ்டாண்டின் மேல் வளையங்கள், ஒரே ஒரு விசில். விசில் வந்ததும் அடுப்பை அணைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு நீளக் கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்று. தானாக அடங்கட்டும் என்று விட்டால் அந்தப் பத்து நிமிஷத்தில் கூழாகும். அவசரத்துக்குத்தான் இது.

வெந்ததும் உடனே இழை பிரிக்காதே. பத்து நிமிஷம் தட்டில் திறந்தபடி இருக்கட்டும், ஆவியாகப் போகிற தண்ணீர் போகட்டும். பிறகு தோலை உரித்து, முள்கரண்டியால் வளையத்தின் போக்கிலேயே சுற்றிச் சுற்றி இழு. நடுவிலிருந்து வெளியே இழுத்தால் அறுந்துபோகும். பிரித்த இழையை வடிதட்டில் ஐந்து நிமிஷம் பரப்பி வை. கையால் பிழியாதே, நசுங்கிவிடும். காயின் எடையில் பாதிக்குச் சற்றுக் கூட இழை கிடைக்கும். ஒரு காயில் உங்கள் இரண்டு பேருக்கும் வயிறு நிறைய வந்து, மறுநாளைக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

இப்போது சாஸ். இழைக்கு லேசான இனிப்பு உண்டு. அதனால் புளிப்பு, காரம், உப்பு மூன்றும் தூக்கலாக இருந்தால்தான் எடுக்கும். பால், க்ரீம் சாஸ் இதற்குச் சேராது. இனிப்போடு இனிப்பு சேர்ந்து திகட்டும், இழை விடுகிற தண்ணீரில் திரிந்த மாதிரியும் ஆகிவிடும்.

400 கிராம் இழைக்கு அரைக் கிலோ பெங்களூர் தக்காளி எடுத்துக்கொள், அதில் சதை அதிகம். நாட்டுத் தக்காளி என்றால் விதையையும் சாற்றையும் பாதி எடுத்துவிடு. அகலமான கடாயில் இரண்டு டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெய், சின்னத் தீ, மெல்லியதாகச் சீவிய எட்டுப் பல் பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டு ஒரு பொட்டலம் காயோடு வைத்திருக்கிறேன், 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பூண்டுதான். காரமும் மணமும் அதிகம். வெளுத்த பொன்னிறத்தில் தக்காளியைப் போட்டுவிடு, சிவக்கவிட்டால் கசக்கும். ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரே ஒரு கொத்து ரோஸ்மேரி போடு. கூடினால் தைலம் மாதிரி அடிக்கும், பரிமாறும் முன் எடுத்தும் விடு. அரை டீஸ்பூன் மிளகாய்ச் செதில், இடித்த மிளகு. மூடாமல் 20 நிமிஷம் சுண்டவிடு. கரண்டியால் கடாயின் அடியில் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு உடனே மூடிக்கொள்ளக் கூடாது. பாஸ்தா சாஸை விட இது கெட்டியாக இருக்க வேண்டும், இழை மிச்சத் தண்ணீரை விட்டு அதைச் சரியான பதத்துக்குக் கொண்டுவந்துவிடும். உப்பைக் கடைசியில் பார்த்துப் போடு, காயிலும் கொஞ்சம் இருக்கிறது, சீஸிலும் இருக்கிறது.

இழையைப் போட்டதும் தீயைக் கூட்டி, இரண்டு கரண்டியால் தூக்கித் தூக்கிப் புரட்டு. ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை. இறக்கி வைத்துத் துருவிய கெட்டிச் சீஸைத் தூவி உடனே பரிமாறு. காத்திருந்தால் தண்ணீர் கோத்துக்கொள்ளும். மாப்பிள்ளை கை கழுவி உட்கார்ந்த பிறகு இழையைக் கடாயில் போடு.

சந்தகைக்குத் தாளிப்பது போலத் தாளித்தாலும் இது அருமையாக இருக்கும். எனக்குக் கேட்டால் நம் நாக்குக்கு இதுதான் முதல். நல்லெண்ணெய் ஒன்றரை டேபிள்ஸ்பூன், கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, இரண்டு பச்சை மிளகாய், பொடியாக நறுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. இழையை ஒரு நிமிஷம் புரட்டி, அடுப்பை அணைத்த பிறகு அரை எலுமிச்சம்பழம் பிழி.

வேர்க்கடலையைச் சும்மா சொல்லவில்லை. வெந்த பாஸ்தா 100 கிராமில் மாவுச்சத்து ஏறக்குறைய 30 கிராம், புரதம் 5 முதல் 6 கிராம். இந்த இழையில் மாவுச்சத்து 7 கிராமுக்குள்தான், ஆனால் புரதம் ஒரு கிராம்கூட இல்லை. அதனால்தான் சிலர் இதைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் பிஸ்கட் டப்பாவைத் தேடுகிறார்கள். தக்காளிச் சாஸில் ஒரு கப் வெந்த பட்டர் பீன்ஸோ கொண்டைக்கடலையோ சேர், இல்லையென்றால் கொத்துக்கறியை நன்றாக வதக்கிச் சேர், முட்டையானாலும் சரி. இன்னொன்று, மாப்பிள்ளை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறாரென்றால், ராத்திரி மாவுச்சத்தை இவ்வளவு குறைக்கப்போவதை முதலில் டாக்டரிடம் சொல்லச் சொல். மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்குப் போட்டது. சாப்பாடு குறைந்து மருந்து அப்படியே இருந்தால் ராத்திரியில் சர்க்கரை இறங்கிவிடலாம். இதைத் தள்ளிப்போடாதே.

அவரிடம் பாஸ்தா என்று சொல்லித் தட்டை நீட்டாதே. கோதுமையின் மெல்லும் சுகம் இதில் இல்லை, ஒப்பிட்டால் தோற்கும். காய் என்றே சொல்லிப் பரிமாறு, ரசித்துச் சாப்பிடுவார்.

மிஞ்சிய இழையைச் சாஸ் கலக்காமல் மூடிபோட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் இருக்கும். மறுபடி எடுக்கும்போது எண்ணெய் விடாத சூடான கடாயில் ஒரு நிமிஷம் புரட்டி ஈரத்தை ஓட்டு. ஃப்ரீசரில் வைக்காதே, உருகும்போது பாதி தண்ணீராகிவிடும். ஒரு முட்டை, இரண்டு ஸ்பூன் கடலைமாவு, வெங்காயம் சேர்த்துத் தோசைக்கல்லில் தட்டினால் காலைப் பலகாரம் ஆச்சு.

இரண்டாவது காயை இப்போதே வெட்ட வேண்டாம். முழுக்காயை ஃப்ரிட்ஜில் வைக்காதே, 10 டிகிரிக்குக் கீழே போனால் தோலில் குழி விழுந்து அழுக ஆரம்பிக்கும். இங்கே இந்தக் குளிரில் இரண்டு மூன்று மாதம் இருக்கும், அங்கே அடிக்கிற வெயிலில் அவ்வளவு தாங்காது. காற்றோட்டமான இடத்தில் செய்தித்தாள் விரித்து, காம்பை உடைக்காமல் வை. மூன்று வாரத்துக்குள் சமைத்துவிடு. காம்படியில் அமுக்கினால் உள்ளே போகிறதா என்று அவ்வப்போது பார்.

விதையைக் கழுவி, துணியில் துடைத்து, வெறும் கடாயில் சின்னத் தீயில் பொரியும் வரை வறுத்து உப்புத் தூவிச் சாப்பிடுங்கள். மொட்டைமாடித் தொட்டியில் ஊன்ற மட்டும் எடுத்து வைக்காதே. சுக்கினியும் இதுவும் ஒரே இனம், நம் பாத்தியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. தேனீ மகரந்தத்தை மாற்றிப் போட்டிருந்தால் அந்த விதையிலிருந்து எந்தக் காய் வரும் என்று சொல்ல முடியாது, கசக்கும் காயும் வரலாம். உனக்கு வளர்க்க ஆசையென்றால் சொல், பாக்கெட் விதை வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா