எங்கள் தெருவை எழுப்பித் தந்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

2018 நவம்பர் 16 விடியுமுன்னே கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரை கடந்தது. விடிந்து பார்த்தால் எங்கள் தெருவில் கீற்று வீடு ஒன்றுகூட நிற்கவில்லை. ஓட்டு வீடுகளில் சுவர் இருந்தது, ஓடு இல்லை. அதே தெருவில் இன்று 14 வீடுகள் நிற்கின்றன. மண்ணைக் கல்லாக அழுத்தியதும் சுவர் வைத்ததும் நாங்கள்தான். ஆனால் எங்கள் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் உண்டு. அவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, மண்ணால் வீடு கட்டச் சொல்லித்தரும் ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்டில் பயிற்சி எடுத்து வந்த பொறியாளர் தங்கச்சிக்கு. வந்த அன்று நீங்கள் வீட்டுப் படம் எதையும் விரிக்கவில்லை. ஒரு கண்ணாடி பாட்டிலில் எங்கள் மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தீர்கள். அடியில் மணல் படிந்தது. மேலே களி கோடு போட்ட மாதிரிதான் இருந்தது. “மணலும் உப்புமா இருக்குண்ணே, இதுல கல்லு நிக்காது” என்றீர்கள். அப்புறம் உப்பில்லாத செம்மண்ணைத் தேடி உள்ளே போனோம். டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு நடை நடையாக மண் அடித்த லாரி அண்ணனை எப்படி மறப்பது?

“மண் கல்லா? மழைக்குக் கரைஞ்சிடாதா?” என்று கேட்டவர்களில் என் அம்மாவும் ஒருவர். பிள்ளைகளோடு இரவெல்லாம் நனைந்தவர், கேட்கத்தான் செய்வார். நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட் சேர்த்து, கை மிஷினில் அழுத்தி, சூளையில் சுடாமல் ஈரத்தில் வைத்து இறுக்கிய கல் அது. 28 நாள் ஆனதும் ஒன்றை எடுத்து டீக்கடை வாசலில் தண்ணீர் வாளிக்குள் போட்டு வைத்தீர்கள். ஒரு வாரம் கழித்து அம்மாவே அதை எடுத்துத் தட்டிப் பார்த்தார். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

கொத்தனார் ஐயாவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்ல? முதல் தடவை கலவையில் தண்ணீரை அதிகமாக ஊற்றி அத்தனை கல்லையும் கெடுத்தோம். நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஈர மண்ணை உள்ளங்கையில் உருட்டிக் காட்டி மறுபடி ஆரம்பித்தீர்கள். காற்று கூரையை அழுத்தாது, மேலே தூக்கும் என்பதை எங்களுக்குப் புரியவைத்ததும் நீங்கள்தான். அதனால்தான் கல்லில் மேலிருந்து கீழ்வரை குழி. மூலைகளிலும் கதவு ஜன்னல் ஓரங்களிலும் குழி வழியே கம்பி ஏற்றி கான்கிரீட் நிரப்பினோம். தரை மட்டத்தில், லிண்டலில், சுவர்த் தலையில் என்று வீட்டைச் சுற்றி மூன்று கான்கிரீட் பெல்ட். கூரையை மேல் பெல்ட்டோடு பூட்டினோம். ஆரோவில்லில் உருவான இந்தக் குழிக்கல் முறையை 2001 பூகம்பத்துக்குப் பிறகு குஜராத் அரசும் ஏற்றுக்கொண்டது என்று நீங்கள் சொன்னபோது எங்களுக்கு வந்த தைரியம் கொஞ்சநஞ்சமில்லை.

இந்த வீடுகளில் பாதி, குடம் சுமந்த எங்கள் தெருப் பெண்களுடையது என்பேன். உப்புத் தண்ணீர் பட்டால் கம்பி துருப்பிடிக்கும். ஆகவே நல்ல தண்ணீரே வேண்டும். எங்கள் ஊரில் நல்ல தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். சமையலுக்கு வைத்திருந்ததில் மிச்சம்பிடித்து, கல்லின் மேல் போட்ட சாக்கு காயாமல் நனைத்தார்கள். பள்ளிவிட்டு வந்த பிள்ளைகளும் நனைத்தார்கள். அக்கா, தங்கச்சிகளே, உங்கள் தோள் வலி எங்கள் சுவருக்குள் இருக்கிறது.

களத்துமேட்டை விட்டுக்கொடுத்த பெரியவருக்கும், கூலி கேட்காமல் சென்ட்ரிங் பலகை தந்த பக்கத்து ஊர்க்காரருக்கும் நன்றி.

2020 டிசம்பரில் புரெவி புயல் மழை நாள்கணக்கில் கொட்டியது. உயர்த்திக் கட்டிய தரைக்குக் கீழேயே தண்ணீர் நின்றது. அந்த இரவுகளில் அம்மா தூங்கினார். நான்தான் விழித்து உட்கார்ந்து உங்களையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மிஷின் இப்போது கீழத்தெருவில் ஓடுகிறது. இந்தப் பக்கம் வந்தால் அவசியம் வீட்டுக்கு வாருங்கள், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அன்புடன்,
தெருவார் சார்பில்