டெல்காடோவின் படம் இருந்தால் அனுப்பு

அன்பு மகளுக்கு,

வியாசர்பாடியிலிருந்து அப்பா எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. கைபேசி இருக்கும்போது இந்த மனிதருக்கு எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் எனக்கு ‘சாப்பிட்டாயா’வுக்கு மேல் வாய் வருவதில்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான். எழுதி முடித்ததும் தம்பி படம் பிடித்து அனுப்புவான். எழுத்து கோழி கிளறியதுபோல இருந்தால் பொறுத்துக்கொள், பாப்பா.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன வீட்டு விஷயம்தான். போனில் கேட்டபோது காலியாக இருந்த வீடு, நீ நேரில் போய் நின்றதும் ‘இப்போதுதான் ஒருவர் முன்பணம் கொடுத்தார்’ என்று ஆகிவிட்டது. மறுநாளும் அந்த விளம்பரம் அப்படியே இருந்தது என்றும் சொன்னாய். சிரித்துக்கொண்டே சொன்னாய். அம்மாவும் சிரித்தாள். நான் கண்ணாடியைத் தேடுவதாகச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது.

நீ உருகுவேயின் தலைநகர் மாண்டிவீடியோவில் இருப்பதால் உனக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். உன் ஊர் ஆற்றைத் தாண்டினால் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரஸ். அர்ஜென்டினா சுதந்திரம் அறிவித்து 1916இல் நூறு ஆண்டுகள் ஆயின. அந்தக் கொண்டாட்டத்துக்காக அங்கே ஒரு கால்பந்தாட்டப் போட்டி வைத்தார்கள். அர்ஜென்டினா, உருகுவே, பிரேசில், சிலி என்று நான்கே நாடுகள். இன்று கோப்பா அமெரிக்கா என்கிறோமே, அதற்கு அதுதான் பிள்ளையார் சுழி. அப்போது இந்தப் பெயர் கிடையாது, தென் அமெரிக்கச் சாம்பியன்ஷிப் என்றுதான் சொன்னார்கள். பெயர் மாறியது 1975இல். உலகக் கோப்பை 1930இல்தான் பிறந்தது. இது அதற்குப் பதினான்கு வயது மூத்தது.

முதல் ஆட்டம் ஜூலை 2. உருகுவேயும் சிலியும் மோதின. உருகுவேக்கு நான்கு கோல், சிலிக்கு ஒன்றும் இல்லை. பியெந்திபேனே இரண்டு போட்டார். மற்ற இரண்டும் இசபெலினோ கிராதின் போட்டவை. அவருக்கு அன்று பத்தொன்பது வயதுகூட நிறையவில்லை. கருப்பர். அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர். பந்து காலில் இல்லாவிட்டாலும் காற்றாக ஓடுவார். ஓட்டப் பந்தயத்திலும் 200 மீட்டர், 400 மீட்டர் இரண்டிலும் தென் அமெரிக்கச் சாம்பியன் ஆனவர்.

மறுநாள் சிலி தரப்பிலிருந்து புகார் வந்தது. உருகுவே அணியில் இரண்டு ஆப்பிரிக்கர்கள் ஆடியிருக்கிறார்கள், அதனால் ஆட்டம் செல்லாது, ரத்து செய்யுங்கள் என்று கேட்டார்கள். நாலுக்குப் பூஜ்யம் என்று தோற்ற பிறகு வந்த ஞானம் அது. இரண்டுக்குப் பூஜ்யம் என்று அவர்கள் ஜெயித்திருந்தால் அந்த இருவரும் யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டார்கள்.

ஆட்டம் ரத்தாகவில்லை. உருகுவே அடுத்து பிரேசிலை 2-1 என்று வென்றது. அதிலும் கிராதின் ஒரு கோல். கடைசியில் உருகுவேக்கும் அர்ஜென்டினாவுக்கும் ஆட்டம். உருகுவேக்குச் சமன் செய்தாலே போதும். மைதானம் கொள்ளாத கூட்டம் வந்துவிட்டது. ஆட்டம் தொடங்கிய ஐந்து நிமிடத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆத்திரத்தில் மரப் படிவரிசைகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள். மறுநாள் அவெயனேடாவில் வேறொரு மைதானத்தில் ஆடினார்கள். யாருக்கும் கோல் இல்லை. முதல் கோப்பைப் போட்டியின் சாம்பியன் உன் ஊர்தான். சாம்பியன் என்றாலும் கையில் கோப்பை இல்லை. கோப்பை என்ற பாத்திரமே அடுத்த ஆண்டுதான் வந்தது. தனியாக அதிக கோல் போட்டவர் கிராதின், மூன்று.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். ‘பார்த்தாயா, நிறத்தைச் சொல்லி இகழ்ந்தவர்களுக்குக் காலால் பதில் சொன்னார்’ என்று. நானும் இத்தனை வருடமாக மைதானத்துப் பையன்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை இரவு படுத்த பிறகுதான் இடித்தது. புகாரில் இருந்தவர்கள் இரண்டு பேர். இன்னொருவர் எங்கே?

அவர் பெயர் ஹுவான் டெல்காடோ. ஹாஃப் ஆட்டக்காரர். அந்தப் போட்டியில் அவர் கோல் எதுவும் போடவில்லை. ஹாஃப் ஆடுகிறவன் எங்கே கோல் போடுவது? எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிக்க வேண்டும், முன்னால் நிற்பவனுக்குக் கொடுக்க வேண்டும், திரும்ப ஓட வேண்டும். கிராதினைப் பெரு நாட்டுக் கவிஞர் ஒருவர் பாட்டாகவே பாடிவிட்டார். டெல்காடோவைப் பற்றித் தம்பியை இரண்டு நாள் தேடச் சொன்னேன், நான்கு வரிக்கு மேல் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் புகாரில் இருவருக்கும் சரிபாதிப் பங்கு.

இப்போது உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அம்மாவுக்கும் பாதிதான் தெரியும்.

1983இல் நான் பட்டறையில் தினக்கூலி. பணி நிரந்தரமாகவில்லை. இருந்தாலும் எங்கள் பிரிவு அணியில் என்னை ஹாஃப் இடத்தில் ஆட வைத்தார்கள். பிரிவுகளுக்கு இடையிலான போட்டியின் அரையிறுதியில் 3-1 என்று ஜெயித்தோம். எனக்குக் கோல் இல்லை. வலது முழங்காலில் தோல் பிய்ந்து, களிம்பு போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனேன். பிற்பகலில் கேப்டன் வந்து கூப்பிட்டார். எதிரணி எழுத்து மூலமாகப் புகார் கொடுத்திருக்கிறது, நிரந்தரப் பணியாளர் அல்லாத ஒருவர் ஆடியதால் ஆட்டம் செல்லாது என்றார். விதி அப்படித்தான் இருந்தது, பொய் இல்லை. ஆனால் எங்கள் பதினொரு பேரில் தினக்கூலிகள் இரண்டு பேர். இரண்டாவது கோலைப் போட்டதே அந்த இன்னொருவர்தான். புகார்க் காகிதத்தில் அவர் பெயர் இல்லை. என் பெயரும், பெயருக்குப் பக்கத்தில் நான் இருந்த குடிசைப் பகுதியின் பெயரும் மட்டும் இருந்தன. பந்தாட்டப் புகாரில் ஒருவனுடைய தெருவுக்கு என்ன வேலை?

ஆட்டத்தை ரத்து செய்தார்கள். கேப்டன் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அதில் சர்க்கரை அதிகம். இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை. நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன், நீ ஞாயிற்றுக்கிழமை சிரித்ததுபோலவே. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், பாப்பா. அதனால்தான் வாசலுக்குப் போனேன்.

நீ படிக்கும்போது உன்னிடம் நான் ஓயாமல் சொன்னது என்ன? ‘மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நன்றாகச் செய், அப்போது எவனும் வாய் திறக்க மாட்டான்.’ கிராதின் கதையை வைத்துக்கொண்டுதான் சொன்னேன். அது தப்பு. கிராதின் இரண்டு கோல் போட்ட மறுநாள்தான் புகாரே வந்தது. அதற்கு மேல் என்ன செய்திருக்க வேண்டும், ஐந்து போட வேண்டுமா? அத்தனை கோல் போட்டவர் 1944இல் வறுமையில்தான் செத்தார். வாடகை கொடுக்கப்போகிறாய், வீடு கேட்டாய், அவ்வளவுதான். அதற்கு நீ கெட்டிக்காரியாக இருந்து காட்ட வேண்டியதில்லை.

அங்கே எல்லோரும் மோசம் என்று எடுத்துக்கொள்ளாதே. அந்த இருவரையும் சேர்த்து ஆட வைத்ததும் அதே ஊர்தான். பக்கத்து நாட்டிலும் இதே கதைதான். 1919இல் ரியோவில் நடந்த போட்டியின் கடைசி ஆட்டம் உருகுவேக்கும் பிரேசிலுக்கும். தொண்ணூறு நிமிடத்தில் முடியவில்லை. முப்பது நிமிடம் கூட்டினார்கள், முடியவில்லை. இன்னொரு முப்பது. மொத்தம் 150 நிமிட ஆட்டம். பிரீடன்ரைக் போட்ட ஒரே கோலில் பிரேசில் முதல்முறையாகச் சாம்பியன் ஆனது. அவர் போட்டிருந்த பூட்ஸை நகைக்கடைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டினார்களாம். அவருடைய அப்பா ஜெர்மன் வம்சம், அம்மா கருப்பினப் பெண். சுருட்டை முடியை எண்ணெய் தடவி, சூடான துண்டைச் சுற்றிப் படியவைத்துவிட்டுத்தான் மைதானத்துக்குள் வருவார், அதனால் கடைசி ஆளாகத்தான் வருவார் என்று சொல்கிறார்கள். பூட்ஸ் கண்ணாடிக்குள், முடி துண்டுக்குள். அடுத்த ஆண்டு பிரேசில் அணி புவெனஸ் ஐரஸ் வழியாக ஊர் திரும்பியபோது அங்கே ஒரு பத்திரிகை அவர்களைக் குரங்குகளாக வரைந்தது. ஆட்டக்காரர்கள் சிலர் அங்கே ஆட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் யார் பக்கம் என்பது உனக்குத் தெரியும். 1986இல் மரடோனாவைப் பார்த்ததிலிருந்து அர்ஜென்டினா. 2021 ஜூலையில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு உன்னை எழுப்பி உட்கார வைத்தேனே, மரக்கானாவில் பிரேசிலோடு கோப்பா இறுதி ஆட்டம். டி மரியா பந்தை கோல்கீப்பர் தலைக்கு மேலே தூக்கிப் போட்டதும் நான் போட்ட கூச்சலில் எதிர் வீட்டில் விளக்கு எரிந்தது. விசில் ஊதியதும் மெஸ்ஸி முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார், மற்றவர்கள் எல்லோரும் அவரை நோக்கி ஓடினார்கள். நீகூட அழுதாய். கேட்டால் தூக்கக் கலக்கம் என்றாய்.

அதே அணி 2024இல் மயாமியில் கொலம்பியாவை வென்றது. பதினாறாவது கோப்பை, உன் உருகுவேயை ஒன்றில் முந்திவிட்டோம். வென்ற கையோடு பஸ்ஸில் ஆட்டக்காரர்கள் ஒரு பாட்டுப் பாடினார்கள். பிரான்ஸ் அணியில் ஆடுகிறவர்களின் பெற்றோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்று கேலி செய்யும் பாட்டு. அதைப் படம்பிடித்துப் பரப்பிய ஆட்டக்காரர் பிறகு மன்னிப்புக் கேட்டார். தம்பி அதை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னான். 1916இல் எழுதிய புகாருக்கு மெட்டுப் போட்டதுபோல இருந்தது. வரவேற்பறையில் மாட்டியிருந்த நீல வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து அலமாரியில் வைத்தேன். தூக்கி எறிய மனம் வரவில்லை. அடுத்த கோப்பாவுக்கு எடுத்துப் போடுவேனா என்று கேட்டால், போடுவேன் என்றுதான் நினைக்கிறேன். அம்மா இதற்கு ஒரு வார்த்தை சொன்னாள், அதை இங்கே எழுத முடியாது.

உனக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அடுத்த வீட்டுக்குப் போகும்போது உன்னோடு வேலை செய்யும் அந்த ஊர்ப் பெண் யாரையாவது கூட்டிக்கொண்டு போ. மறுபடி அப்படி ஆனால் சிரிக்காதே. ‘நேற்றைய விளம்பரம் இன்னும் இருக்கிறதே’ என்று அவர்கள் வாசலிலேயே நின்று கேள். ஸ்பானிய மொழியில் அதை எப்படிச் சொல்வது என்று இப்போதே பழகிக்கொள். கேட்டதற்காக வீடு கிடைக்கப்போவதில்லை. கேட்டுவிட்டு வா.

இன்னொரு வேலை. உன் ஊரில் சென்டினாரியோ மைதானம் இருக்கிறது அல்லவா, 1930 உலகக் கோப்பைக்காகக் கட்டியது. அதற்குள்ளேயே பந்தாட்ட அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. விடுமுறை நாளில் போய் 1916 அணியின் படம் ஏதாவது மாட்டியிருக்கிறார்களா பார். கிராதினை எளிதில் கண்டுபிடித்துவிடுவாய். டெல்காடோவையும் தேடு. இருந்தால் அவரை மட்டும் தனியாகக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு. தம்பி பெரிதாக அச்சுப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். சட்டை மாட்டியிருந்த ஆணி சும்மாதான் இருக்கிறது.

எலுமிச்சை ஊறுகாய் தீர்ந்துவிட்டதா என்று அம்மா கேட்கிறாள்.

அப்பா