7 மீட்டர் ரூல் இருக்கு, வெட்டுக்கு என்ன ரூல் சார்?

நீலகிரியில வீடு, ரிசார்ட்டுக்கெல்லாம் பிளான் அப்ரூவல் கொடுக்குற ஆபீசர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

கட்டடம் 7 மீட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு ரூல் வச்சிருக்கீங்க, நல்ல ரூல் தான், ஆனா அந்த 7 மீட்டர் வீட்டுக்காக பின்னாடி மலைய எவ்ளோ உயரம் செங்குத்தா வெட்டியிருக்காங்கன்னு யாராவது டேப் புடிச்சு பாத்தீங்களா? ஐப்பசி மழையில மண்சரிவு வந்தா மொதல்ல எறங்குறது அந்த வெட்டு தான்.

நம்ம மலைக்கு அடியில சார்னகைட் பாறை, நல்ல கெட்டி. அதுக்கு மேல காலங்காலமா மக்கிப்போன செம்மண், சில எடத்துல பத்து மீட்டருக்கும் மேல ஆழம். பாறைக்கும் அதுக்கும் நடுவுல பல எடத்துல வெளுத்த களிமண்ணு லேயர் ஒண்ணு இருக்கும். மேல் மண்ணு தண்ணிய உறிஞ்சிக்கும், களிமண்ணு சீக்கிரம் கீழ விடாது, நாலஞ்சு நாள் விடாம பேஞ்சா தண்ணி உள்ளயே தேங்கி அழுத்தம் ஏறிடும், மண்ணோட பிடிப்பு விட்டுப்போகும், வெயிட்டும் கூடும், அந்த நேரம் பாத்து அடிய ஜேசிபி வெட்டி எடுத்திருந்தா மேல இருக்குறது எதுல நிக்கும்?

"இது சரிவு கம்மியான சைட், பயமில்ல"ன்னு சொல்றாங்க பாருங்க, அங்க தான் எனக்கு கடுப்பாகுது. ரொம்ப செங்குத்தான எடத்துல மண்ணு அதிகம் தங்காது, அங்க கல்லு உருளும், அது வேற பிரச்சனை. ஆழமா மண்ணு சேர்றது வீடு கட்ட தோதா சாய்வா இருக்குற எடத்துல தான்.

எல்லாத்துக்கும் கட்டடம் தான் காரணம்னு சொல்ல வரல. 2019 ஆகஸ்ட்ல நம்ம ஊட்டி பக்கத்து அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சு, அப்ப காட்டுக்குள்ள கூட சரிஞ்சுது. மரம் நட்டா போதும்கிறவங்களுக்கும் இதயே சொல்றேன், வேர் மேல் மண்ண தான் புடிக்கும், அவ்ளோ ஆழத்துக்கு எறங்காது. ஆனா 1993 மரப்பாலம் மண்சரிவு, 2009 நவம்பர் மண்சரிவுல 40 பேருக்கு மேல செத்தது எல்லாம் பாத்த மாவட்டம் இது, இன்னும் பட்டாவையும் உயரத்தையும் மட்டும் பாத்து சீல் குத்தினா எப்படி?

எங்க பக்கத்துல ஒருத்தர் மழைக்கு மட்டும் ஓடுற ஓடைய மூடி தடுப்புச்சுவர் கட்டியிருக்கார். தண்ணி வெளிய வர சுவத்துல ஒரு ஓட்டை கூட கெடையாது. பேப்பர்ல எல்லாம் கரெக்ட்டா இருக்காம்.

அப்ரூவல் ஃபார்ம்ல ரெண்டு கட்டம் சேருங்க: வெட்டு எத்தன மீட்டர், தண்ணி எந்த வழியா போகுது. ஏற்கனவே கொடுத்த சைட்டுக்கும் ஒரு தடவ வாங்க, மேல தரையில வெடிப்பு விட்டிருக்கா, மரம் சாஞ்சிருக்கா, ஊத்துத்தண்ணி திடீர்னு கலங்கி வருதான்னு பாருங்க. வெயில் காலத்துல வந்து போட்டோ எடுத்துட்டு போகாதீங்க, நல்லா மழை பெய்யும்போது வாங்க, அப்ப தான் ஓடை எதுன்னே தெரியும்.

இப்படிக்கு,
கோத்தகிரி பக்கத்து ஆளு