ஏழரை மணியும் நான்காம் வேற்றுமையும்

எஸ்லிங்கன்,
தை மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே மூவரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? போனில் பேசினால் நான் சொல்வதில் பாதி உங்கள் காதில் விழுவதில்லை. விழாத பாதிக்கு நீங்களாகவே ஒரு பதில் சொல்லிவிடுகிறீர்கள். போன வாரம் "இங்கே ஒரே பனிப்பா" என்றேன். "பணிதான் முக்கியம், லீவு கீவு போடாதே" என்றீர்கள். உங்கள் மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறிவிட்டது. அதனால்தான் பழையபடி கடிதம். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

பொங்கல் வைத்தோம். இங்கே அது வேலை நாள். இந்த மாதத்தில் எட்டு மணிக்கு மேல்தான் விடிகிறது. பாப்பா இருட்டோடு பள்ளிக்குப் போன பிறகு சூரியன் வந்தது. பச்சரிசிக்குப் பதிலாகப் பாலில் வேகவைத்துச் சாப்பிடவென்றே இவர்கள் விற்கும் குண்டு அரிசி ஒன்று இருக்கிறது, நன்றாகவே குழைந்தது. வெல்லம் ஸ்டுட்கார்ட்டில் ஓர் ஈழத் தமிழர் கடையில் வாங்கியது. அந்தக் கடைக்கார அண்ணன் "இருந்து கதைச்சிட்டுப் போங்கோ தங்கச்சி" என்றபோது ஒரு கணம் கதை ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். தமிழிலேயே அந்தக் கதி என்றால் ஜெர்மனில் என்ன பாடு பட்டிருப்பேன், பாருங்கள்.

அந்தப் பாட்டைத்தான் இன்று சொல்ல வந்தேன். இரண்டு வருஷமாக உங்களிடம் "பழகிப்போச்சுப்பா" என்று மழுப்பினேன். உண்மையில் முதல் எட்டு மாதம் வாயைத் திறக்கவே இல்லை. கணவரோடு சேர வருகிற மனைவி வழக்கமாக ஜெர்மன் முதல் படிப் பரீட்சையில் தேறித்தான் விசா வாங்க வேண்டும். மாப்பிள்ளைக்கு 'புளூ கார்டு', அதாவது படித்த வேலைக்காரர்களுக்குத் தரும் தனி அனுமதி, என்பதால் எனக்கு அந்த விதி இல்லை. அப்போது சந்தோஷப்பட்டேன். இங்கே இறங்கிய பிறகுதான் தெரிந்தது, நீச்சல் தெரியாதவளைப் படித்துறையில் நிறுத்திக் கேள்வி கேட்காமல் தள்ளிவிட்ட சலுகை அது.

ஒரு தடவை ரத்தப் பரிசோதனைக்குப் போனில் நேரம் கேட்டேன். அந்தப் பெண் "ஹல்ப் அஹ்ட்" என்றாள். ஹல்ப் என்றால் அரை, அஹ்ட் என்றால் எட்டு. அரை, எட்டு, ஆக எட்டரை! பெருமையாகக் குறித்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு எட்டே காலுக்கே போய் நின்றேன். இவர்கள் கணக்கில் அது எட்டை நோக்கிப் பாதி தூரம் போன நேரமாம், அதாவது ஏழரை. நான் போனபோது என் முறை போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவள் கடுகடுவென்று ஏதோ சொன்னாள். எனக்குப் புரிந்தது 'மோர்கன்' என்ற ஒரே சொல். அதற்கும் 'காலை', 'நாளை' என்று இரண்டு பொருள். ஏழரை பிடித்தது என்பார்களே, எனக்கு அது கடிகாரத்திலேயே பிடித்தது. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். இதை அம்மாவிடம் படிக்கும்போது தாண்டிவிடுங்கள்.

எண்களும் அப்படியே. இருபத்தொன்றை 'ஒன்றும் இருபதும்' என்பார்கள். போன் நம்பரை இரண்டிரண்டாகச் சொல்லும்போது நான் முன்பின் மாற்றி எழுதி, முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிட்டிருக்கிறேன்.

அப்புறம்தான் வகுப்பில் சேர்ந்தேன். புதிதாக வந்தவர்களுக்கு அரசு நடத்துகிற பாடம். மொழிக்கு 600 பாடவேளை, நாட்டு வரலாறு, சட்டம் இதெல்லாம் 100 பாடவேளை. என்னோடு சிரியாக்காரர்கள், உக்ரைன்காரர்கள், பிரேசிலிலிருந்து ஒரு பெண். எல்லோரும் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனுக்குள் இறங்கப் பார்த்தோம். ஒரு நாள் ஜன்னல் திறந்திருந்தது. "நான் குளிராக இருக்கிறேன்" என்று ஆங்கில வழக்கத்தில் ஒரு வாக்கியம் கட்டிச் சொன்னேன். டீச்சர் கையை ஆட்டினார். "உன் சுபாவமா குளிர்ச்சி? 'மியர் இஸ்ட் கால்ட்' என்று சொல்" என்றார். மியர் என்றால் என்ன தெரியுமா அப்பா? 'எனக்கு'! எனக்குக் குளிருது!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது எனக்குப் பிடிக்கிறது என்பதற்கும் 'மியர்'. எனக்குத் தலை வலிக்கிறது என்பதற்கும் 'மியர்'. நீங்கள் எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்ட நான்காம் வேற்றுமை, 'கு' உருபு, அட்சரம் பிசகாமல் அங்கே உட்கார்ந்திருந்தது. இவர்கள் அதை மூன்றாவது என்று எண்ணுகிறார்கள், அது வேறு விஷயம். நமக்கு வேற்றுமை எட்டு, இவர்களுக்கு மொத்தமே நான்கு. அந்த நாலுக்கே வகுப்பு முழுவதும் தலையில் கை வைத்தது. நான் தமிழ் வாத்தியார் மகள், வைக்கவில்லை.

அன்று முதல் ஆங்கிலத்தைக் கழற்றி வைத்துவிட்டேன். 'ஏனென்றால்', 'என்று' வகை வாக்கியங்களில் ஜெர்மன்காரர்கள் வினையைக் கடைசியில் கொண்டுபோய் வைப்பார்கள். அவன் நேற்று வந்தான் என்பதை 'அவன் நேற்று வந்து இருக்கிறான்' என்ற வரிசையில் முடிப்பார்கள். "வினை வரும்வரை எதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்?" என்று பிரேசில்காரி சண்டை போட்டாள். நாம் பிறந்ததிலிருந்து அப்படித்தானே காத்திருக்கிறோம்! அந்த வாரப் பரீட்சையில் நான்தான் முதல்.

ரொம்பவும் மார்தட்டக் கூடாது, ஆண்பால் பெண்பால் விஷயத்தில் மண்ணைக் கவ்வினேன். மேசை ஆண், விளக்கும் கதவும் பெண். சூரியன் பெண், நிலா ஆண்! பொங்கலன்று நான் அம்மா தாயே என்றுதான் கும்பிட்டேன். சிறுமி மட்டும் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, அஃறிணை மாதிரி ஒன்று. முதலில் கோபம் வந்தது. பிறகு, நாமும் 'குழந்தை அழுகிறது' என்றுதானே சொல்கிறோம் என்று அடங்கிப்போனேன். எங்கள் ஊர் வழியாக ஓடும் நெக்கர் ஆண். அது போய்ச் சேரும் ரைனும் ஆண். கங்கையைக்கூட ஆணாக்கி வைத்திருக்கிறார்கள் அப்பா. வகுப்பில் 'என் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது காவிரிக்குப் பெண்பால் சொல்லையே போட்டேன். டீச்சர் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

வகுப்பை விட அதிகம் கற்றுக்கொடுத்தது கீழ் வீட்டுப் பாட்டி. குடிவந்த இரண்டாம் வாரம் எங்கள் வீட்டுக் கதவுப்பிடியில் ஒரு சிறு பலகை தொங்கியது. ஏதோ புகார் என்று பயந்துபோய் எடுத்து உள்ளே ஒளித்து வைத்தேன். அது 'கேர்வோஹ', இந்த வாரம் மாடிப்படியும் வாசலும் கூட்டும் முறை உங்களுடையது என்று அர்த்தம். எங்கள் ஊர் இருக்கும் இந்த ஸ்வேபியப் பக்கத்தில் இது பழைய பழக்கம். பாட்டி வந்து துடைப்பம் பிடித்துப் பெருக்குவதுபோல் நடித்துக் காட்டினார். கூட்டுவது நமக்குப் புதிதா? மறுநாள் விடியுமுன் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, கை சும்மா இருக்காமல் அரிசி மாவில் நாலு புள்ளிக் கோலமும் போட்டுவிட்டேன். பாட்டி இறங்கி வந்து குனிந்து பார்த்து, "இது எதற்கு?" என்றார். அழகுக்கு என்று சொல்லியிருக்கலாம். தெரிந்த வார்த்தையைப் பயன்படுத்துகிற ஆசையில் "எறும்புகளுக்கு" என்றேன். பாட்டி முகம் வெளிறிவிட்டது. எறும்பை ஒழிக்க மருந்து வாங்கி வைத்திருக்கிற மனுஷியிடம் நான் எறும்புக்கு விருந்து வைக்கிறேன் என்கிறேன்!

இப்போது நாங்கள் சிநேகிதம். போன மாதம் ஒரு நாள் கேக்கும் காபியும் வைத்து, என்னை 'நீ' என்றே கூப்பிடு என்று முறையாக அனுமதி கொடுத்தார். இங்கே பெரியவர்கள்தான் அதை முன்வந்து சொல்ல வேண்டும், பெரிய மரியாதை அது. எனக்கு நா எழவில்லை. உங்களை ஒருமையில் கூப்பிடச் சொன்ன மாதிரி இருந்தது. 'நீ', 'நீங்கள்' இரண்டும் வராமல் வாக்கியத்தை வளைத்து வளைத்துப் பேசுகிறேன். பாட்டி பேசுவதும் புத்தக ஜெர்மன் இல்லை. எல்லாவற்றுக்கும் 'லே' சேர்த்து வீட்டைக் குட்டி வீடாக்கி, கொஞ்சத்தைக் கொஞ்சூண்டு ஆக்கிவிடுவார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இனிமேல் பொங்கலுக்கு வர முடியாது அப்பா. பாப்பா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். இங்கே கட்டாயக் கல்வி என்றால் நிஜமாகவே கட்டாயம். பண்டிகை, ஊர்ப் பயணம் என்று பள்ளி நாளில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினால் அபராதம் போடுவார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை ஜனவரி முதல் வாரத்தோடு முடிந்துவிடுகிறது, தை பிறக்கும்போது அவள் வகுப்பில் இருக்க வேண்டும். தீபாவளியும் பெரும்பாலும் இவர்கள் விடுமுறைக்குள் அகப்படுவதில்லை. காலண்டரை வைத்துக்கொண்டு நானும் மாப்பிள்ளையும் ஒரு ராத்திரி முழுவதும் உட்கார்ந்தோம். அப்போதுதான் கண்ணில் பட்டது. கோடை விடுமுறை ஜூலைக் கடைசியில் தொடங்கி ஆறு வாரம். ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2, 3 வாக்கில். ஐப்பசியில் மாயவரத்துத் துலாக்கட்டத்துக்குக் காவிரியில் முழுக வர முடியாதவனுக்குக் கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு இருக்கிற மாதிரி, பொங்கலைத் தவறவிட்ட எங்களுக்கு ஆடி பதினெட்டு.

திட்டம் இதுதான். அண்ணன் பெங்களூரிலிருந்து, சித்தி குடும்பம் கோயம்புத்தூரிலிருந்து, மன்னார்குடியிலிருந்து என் மாமியார் மாமனார், எல்லோரும் நம் வீட்டில். சென்னையிலிருந்து நாங்கள் பகலில் ஓடும் சோழன் எக்ஸ்பிரஸில் வருகிறோம். கொள்ளிடம் பாலம் தாண்டியதும் குறுவை பச்சையாக நிற்பதைப் பாப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ரயிலுக்கு இப்போது 60 நாள் முன்புதான் முன்பதிவு திறக்கிறார்கள். ஜூன் பிறந்தவுடன் அண்ணனுக்கு ஞாபகப்படுத்துங்கள், அவன் மறதிக்காரன்.

பதினெட்டாம் பெருக்கன்று குத்தாலம் படித்துறையில் காலையிலேயே இடம் பிடித்துவிட வேண்டும். புளியோதரை, தேங்காய் சாதம், தயிர் சாதம் எல்லாம் அம்மா கையால். காதோலை கருகமணி, முளைப்பாலிகை, மஞ்சள் கயிறு பொறுப்பு சித்திக்கு. பாப்பாவுக்கு ஒரு சப்பரம் மட்டும் ஆசாரியிடம் இப்போதே சொல்லி வையுங்கள். தெரு முழுக்க அதை இழுத்துக்கொண்டு ஓடும்போது அவளுக்குத் தமிழ் தானாக வரும். வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிறாள், போதாக்குறைக்கு என் ஆண்பால் பெண்பாலையும் திருத்துகிறாள். உங்களிடம் போனில் 'ம்', 'சரி' என்று மட்டும் சொல்வது கோபத்தால் இல்லை, அவளுக்குச் சொல் கிடைப்பதில்லை. எட்டு மாதம் நான் அப்படித்தான் இருந்தேன். அவளை யாரும் "தமிழ் தெரியாதா?" என்று கேலி பண்ணாமல் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணன் பசங்களிடம் முக்கியமாகச் சொல்லி வையுங்கள்.

பிறகு எல்லோருமாக ஒரு வேன் பிடித்துப் பூம்புகார், அங்கிருந்து தரங்கம்பாடியில் இரண்டு ராத்திரி. கோட்டையை விட எனக்கு அந்தச் சர்ச்சுதான் முக்கியம். பள்ளிச் சுற்றுலாவில் சீகன்பால்கு பாதிரியார் கல்லறைக்கு முன்னால் எங்களை நிறுத்தி நீங்கள் சொன்னது அன்று மண்டையில் ஏறவில்லை. ஜெர்மனியிலிருந்து 1706-ல் வந்து இறங்கியவர், திண்ணைப் பள்ளிக்கூடத்துக் குழந்தைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார் என்றீர்கள். தமிழில் புதிய ஏற்பாட்டை அங்கேயே அச்சடித்தது 1715-ல். (முதல் தமிழ் அச்சு அது இல்லை, 1578-ல் கொல்லத்தில் என்று நீங்கள் திருத்துவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.) டிசம்பரில் இங்கே ஒரு கடையில் மசாலா ரொட்டி போன்ற பண்டம் ஒன்றின் மேல் 'புல்ஸ்னிட்ஸ்' என்று ஊர்ப் பெயர் போட்டிருந்தது. எங்கேயோ கேட்ட பெயர் ஆயிற்றே என்று யோசித்தேன், சீகன்பால்கு பிறந்த ஊர்! கடையிலேயே மாப்பிள்ளையிடம் உங்கள் பாடத்தை ஒப்பித்தேன். வகுப்பிலும் ஜெர்மனில் சொன்னேன், ஐந்து நிமிஷம், நாலு தப்போடு. உங்கள் நாட்டுக்காரர் எங்கள் ஊரில் மணலில் உட்கார்ந்தார், நான் இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன் என்று முடித்தேன். டீச்சர் சாக்ஸனிப் பக்கம் என்பது அப்போதுதான் தெரிந்தது. புல்ஸ்னிட்ஸ் அங்கேதான் இருக்கிறது. அவருக்கும் இந்தக் கதை புதிது.

தண்ணீர் மட்டும் உங்கள் பொறுப்பு! 2024-ல் மேட்டூர் ஜூலைக் கடைசியில்தான் திறந்தது, வருமா வராதா என்று ஊரே வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது என்றீர்கள். ஜூன் 12-ல் திறக்கும் அளவுக்கு அணையில் இருக்குமா என்று இங்கிருந்து எனக்குத் தெரியாது. பேப்பரில் பார்த்து மேட்டூர் எத்தனை அடி என்று மாதம் ஒரு வரி எழுதுங்கள். பாப்பா சுவரில் 120 வரை கோடு போட்டு ஒரு படம் ஒட்டி வைத்திருக்கிறாள். நீங்கள் எழுதுகிற அடிக்கு நீல வர்ணம் அடிப்பதாகத் திட்டம்.

அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தீர்ந்ததா?

உங்கள் அன்பு மகள்

பி.கு.: ஊருக்கு வரும் சிநேகிதி மூலம் அந்த புல்ஸ்னிட்ஸ் பண்டம் இரண்டு பாக்கெட் அனுப்பியிருக்கிறேன். பெயரில் மிளகு இருக்கிறது, வாயில் பட்டையும் லவங்கமும்தான் தெரிகிறது. கொஞ்சம் கெட்டி. காபியில் நனைத்துச் சாப்பிடுங்கள், பல்செட் பத்திரம்.