"குடிச்சீங்களா?" என்பதோடு நிறுத்தாதீர்கள்: குடிநோய் சிகிச்சை டாக்டர்களுக்கும் கவுன்சிலர்களுக்கும் ஒரு மடல்

வணக்கம்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பகலில் துணி கட்டிங், சாயங்காலம் சரக்கு கட்டிங் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி பேசுவார்கள், பதினேழு வருடம் அந்தக் கேலி சரியாகத்தான் பொருந்தியது. இப்போது குடிக்காமல் 14 மாதம் ஆகிறது. உங்களில் ஒருவருடைய மையத்தில் ஒரு மாதம் தங்கித்தான் விட்டேன், அதற்கு நன்றி சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். எந்த மையம் என்று சொல்லப் போவதில்லை. குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசுகிற ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்கு வருகிற மற்றவர்களிடம் கேட்டுப் பார்த்தேன், வேறு வேறு ஊரில் சிகிச்சை எடுத்தவர்களும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள். அதனால் உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

ரிவ்யூவுக்கு வரும்போதெல்லாம் நீங்கள் கேட்பது ஒரே கேள்வி. "குடிச்சீங்களா?" இல்லைங்க என்பேன். நீங்கள் என் மனைவியைப் பார்ப்பீர்கள், அவள் தலையாட்டுவாள். "அப்படியே மெயின்டெயின் பண்ணுங்க" என்று சீட்டில் ஏதோ எழுதிக் கொடுப்பீர்கள், மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிடுவோம். நான் பொய் சொன்னதே இல்லை. ஆனால் மூன்றாவது ரிவ்யூ அன்று, பெயர் கூப்பிடும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே இரண்டு பாரசிட்டமால் 650 போட்டிருந்தேன். காய்ச்சலும் இல்லை, தலைவலியும் இல்லை. உள்ளே வந்து உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற படபடப்பு, அவ்வளவுதான்.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் இது திட்டமிட்டுச் செய்த காரியம் இல்லை. வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம். சாயங்காலம் ஆறு மணி ஆனால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை சும்மா இருக்காது, யாராவது கேட்டைத் தள்ளினால்கூடத் தூக்கிப் போடும். குடித்த நாட்களில் அந்த நேரத்துக்கு முதல் ரவுண்டு உள்ளே போயிருக்கும், உடம்புக்கு அது தெரியும். ஒரு சனிக்கிழமை, சம்பளம் கையில் இருக்கிற நாள், நிஜமாகவே மண்டை பிளந்தது. மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டேன். அரை மணி நேரத்தில் தலைவலி போனது, கூடவே நெஞ்சில் இருந்த அந்தப் பிடியும் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தது. கடைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குத் தலைவலி இல்லை, ஆனால் மாத்திரை போட்டேன்.

அப்புறம் அது வளர்ந்த விதம் எனக்கே ஏற்கெனவே தெரிந்த கதைதான். முதலாளி கூப்பிட்டால் ஒன்று. மச்சினன் கல்யாணத்தில் எல்லோரும் மாடியில் ஒதுங்குவார்கள் என்று தெரிந்து போவதற்கு முன்னால் இரண்டு. ஏஏ கூட்டத்தில் எழுந்து பேச வேண்டிய அன்றைக்கு ஒன்று, இதைச் சொல்லத்தான் ரொம்ப வெட்கமாக இருக்கிறது. ஐந்தாவது மாதம் வந்தபோது ஒரு நாளைக்கு ஆறு. பதினைந்து மாத்திரை உள்ள அட்டை இரண்டரை நாளில் காலி. குவாட்டர் விலையோடு பார்த்தால் சில்லறைக் காசு, வாயில் வாடை இல்லை, நடையில் தள்ளாட்டம் இல்லை, மெடிக்கல்காரர் எதற்கு என்று கேட்க மாட்டார். வீட்டில் மனைவி மட்டும் ஒருநாள் பைக் பெட்டியில் கிடந்த காலி அட்டைகளை எண்ணிவிட்டு, "ஏனுங்க, உங்களுக்கு அப்படி என்ன ஓயாத வலி?" என்று கேட்டாள். வேலையில் குனிந்தே நிற்கிறேன், முதுகு வலி என்றேன். குடித்த காலத்தில் சொன்ன பொய்களின் அதே குரல் அது. எனக்கே கேட்டது.

நீங்கள் வகுப்பில் எச்சரிக்காமல் இல்லை. தூக்க மாத்திரை பக்கம் போகாதே, இருமல் டானிக்கில் ஆல்கஹால் இருக்கும் பார்த்து வாங்கு, டைசல்ஃபிரம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மாத்திரை) போடுகிறவர்கள் ஷேவிங் லோஷன்கூடக் கவனம், கஞ்சா, ஹான்ஸ் எதுவும் வேண்டாம். எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பட்டியலில் வலி மாத்திரை இல்லை. வெற்றிலைபாக்கு மாதிரி எல்லா வீட்டு அலமாரியிலும் கிடக்கிற மாத்திரை அது, கொரோனா சமயத்தில் அரிசி பருப்போடு சேர்த்து வாங்கி வைத்தோமே. அதை யார் பட்டியலில் சேர்ப்பார்கள் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. போதை தராத ஒன்றை எப்படிப் பழக்கம் என்று சொல்வது?

உண்மை எங்கே தெரிந்தது என்றால், உங்களிடம் இல்லை. எட்டாவது மாதம் வைரஸ் காய்ச்சல் வந்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரவு டியூட்டியில் ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண், என் மகளைவிட ஆறேழு வயதுதான் பெரியவளாக இருப்பாள், "வீட்டுல என்னென்ன மாத்திரை போட்டுட்டு வந்தீங்க, எத்தனை போட்டீங்க?" என்று கேட்டாள். ஒரு டாக்டர் என்னிடம் இதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. காய்ச்சலுக்கு முன்னாடியும் போடுவீர்களா என்றாள். நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன், குடி முதற்கொண்டு. அவள் திட்டவில்லை. லிவர் டெஸ்டுக்கு எழுதினாள். ஈரல் அடிபட்டால் ரத்தத்தில் கூடுகிற என்சைம் ஏறியிருந்தது. அதில் காய்ச்சலின் பங்கு எவ்வளவு, பதினேழு வருடச் சரக்கின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றாள். ஆனால் மாத்திரையை அன்றைக்கே நிறுத்தச் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் பி.ஃபார்ம் படிக்கிற என் அக்கா மகளைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். மாமா, நல்ல கல்லீரல் இருக்கிற பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு, கல்லீரல் பழுதானவர்களுக்கும் ரொம்ப நாள் குடித்தவர்களுக்கும் பொதுவாக 2 கிராமுக்குள் நிறுத்தச் சொல்வார்கள் என்றாள். நான் கணக்குப் போட்டேன். ஆறு மாத்திரை, 3,900 மில்லிகிராம். இதோடு உடம்பு வலிக்கு என்று மெடிக்கலில் காகிதத்தில் மடித்துத் தரும் செட் மாத்திரை வேறு சில நாட்கள் போட்டிருக்கிறேன், அதற்குள்ளும் பெரும்பாலும் பாரசிட்டமால்தான். வேறு பெயர், வேறு நிறம் என்றால் வேறு மருந்து என்றுதான் நாங்கள் நினைப்போம். டோலோ, கால்பால், குரோசின் மூன்றும் ஒரே மருந்து என்பதே கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. காம்பிஃப்ளாமில் இபுபுரூஃபன் 400, கூடவே பாரசிட்டமால் 325 என்பதும் தெரியாது.

கல்லீரல் இந்த மருந்தை உடைக்கும்போது ஒரு சின்னப் பங்கு நஞ்சாக மாறுமாம். அதைக் கட்டிப்போட குளுட்டாதயோன் என்று ஒரு சரக்கு (மன்னிக்கவும், வேறு சொல் வரவில்லை) கல்லீரலில் இருப்பு இருக்கும். சோறு தண்ணி இல்லாமல் வருடக்கணக்காகக் குடித்தவனுக்கு அந்த இருப்பு குறைந்திருக்கும். போதாததற்கு, தொடர்ந்து குடிப்பவர்களுக்கு அந்த நஞ்சை உண்டாக்குகிற நொதி கூடுதலாக வேலை செய்யும், விட்ட பிறகும் சில நாட்கள் அந்த வேகம் இருக்கும். அதாவது மையத்திலிருந்து புதிதாக வெளியே வந்தவன், இல்லை ஒரு வாரம் வழுக்கி விழுந்து மறுபடி நிறுத்தியவன், அவனுக்குத்தான் ஆபத்து அதிகம். படபடப்பு அதிகமாக இருப்பதும் அவனுக்குத்தான். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே வாரத்தில் வந்து சேர்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததா? அளவு மீறிப் போட்டால் முதல் நாள் பெரிதாக எதுவும் தெரியாமலே இருக்கும் என்பதும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த நஞ்சை முறிக்கிற மருந்து இருக்கிறது என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரி, இந்த மாத்திரை நிஜமாகவே மனதுக்கு ஏதாவது செய்ததா, இல்லை என் மனப்பிரமையா? இதையும் அக்கா மகள்தான் தேடிக் கொடுத்தாள். 2010-ல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களுக்கு மூன்று வாரம் தினமும் பாரசிட்டமால் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு வந்தது, மருந்தே இல்லாத சும்மா மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்களுக்கு மனம் புண்படுவது குறைந்ததாகச் சொன்னார்கள். 2015-ல் வந்த இன்னோர் ஆய்வு, துக்கத்தோடு சேர்த்துச் சந்தோஷத்தையும் அது மழுக்குகிறது என்றது. பிறகு செய்தவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி முடிவு வரவில்லை. வந்தாலும் அவர்கள் எல்லாம் நல்ல ஈரல் உள்ள பிள்ளைகள், குடியை விட்டவன் நெஞ்சு அடித்துக்கொள்வதைப் பற்றிய ஆய்வே இல்லை அது. என்னைப் பொறுத்தவரை பாதி வேலையை அட்டையை அழுத்தும்போது வரும் அந்த 'டப்' சத்தமே செய்தது என்று நினைக்கிறேன். மூடியைத் திருகும் சத்தத்துக்கு உடம்பு எப்படி அடங்கியதோ அதே மாதிரி. ஆனால் அந்த 2015 சமாச்சாரத்தைக் கேட்டதும் ஒன்று நினைவுக்கு வந்தது. மகள் மாவட்ட அளவில் கோகோவில் ஜெயித்துக் கோப்பையோடு வந்த நாளில், நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு டிவி பக்கம் திரும்பிவிட்டேன். காரணம் மாத்திரையா நானா என்று தெரியவில்லை.

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். நான்காவது மாதம் நீங்களே படபடப்புக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தீர்கள், செர்ட்ராலின். நான் வாங்கவே இல்லை. "மனநோய் மாத்திரை, பழகிடும், அப்புறம் விடவே முடியாது" என்று கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் சொன்னார். அந்த மருந்து சரக்கு மாதிரி ஏங்க வைக்கிற வகை இல்லை என்று எனக்கு யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை, சீட்டு மட்டும் கைக்கு வந்தது. ஏஏவின் வழிகாட்டுதலே, உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. ஆனால் டாக்டர் பேசாத இடத்தில் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர்தான் பேசுவார். ஆக, பழகிவிடும் என்று பயந்து டாக்டர் எழுதியதை விட்டுவிட்டு, பழகாது என்று நம்பி நானே எழுதிக்கொண்டதை தினமும் ஆறு விழுங்கினேன்.

இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. "650 எல்லாம் ஒண்ணும் பண்ணாதுண்ணா, இதைப் போட்டுப் பாருங்க" என்று பேக்கிங் செக்‌ஷன் தம்பி ஒருவன் ஒருநாள் ஒரு மாத்திரையை நீட்டினான். டேபன்டடால். அதுவும் வலி மாத்திரைதான், ஆனால் அபின் வகையைச் சேர்ந்தது, சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. செய்தித்தாளில் போதை மாத்திரை என்று வருவதில் பல நேரம் இதுதான். இதே குடும்பத்து டிரமடாலை 2018-ல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். நான் அதை வாங்கவில்லை. வாங்காததற்குப் பெரிய வைராக்கியம் ஒன்றும் காரணமில்லை, அன்றைக்குக் கையில் என் மாத்திரை இருந்தது.

கடைசி மாதங்களில் காலையில் எழும்போதே தலைவலி. அதற்கும் மாத்திரை. மாதத்தில் பதினைந்து நாளுக்கு மேல், மாதக்கணக்காக வலி மாத்திரை போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்று அந்த ஹவுஸ் சர்ஜன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையில் கை நடுக்கத்துக்கு ஒரு கட்டிங் போட்டவன்தானே நான்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள விஷயம் இல்லை. "குடிச்சீங்களா" என்று கேட்டதும், "வேற என்ன மாத்திரை போடுறீங்க, மெடிக்கல்ல நீங்களா என்ன வாங்குறீங்க, எத்தனை?" என்று கேளுங்கள். மனைவியை, அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேளுங்கள், அவர்கள் எதிரில் நாங்கள் முதுகு வலி என்றுதான் சொல்வோம். படபடப்பு வரும், வாரக்கணக்கில் வரும், சிலருக்கு மாதக்கணக்கில், மூளை பழைய நிலைக்குத் திரும்ப அவ்வளவு நாள் ஆகும், அது உன் பலவீனம் இல்லை என்று டிஸ்சார்ஜ் அன்றைக்கே சொல்லுங்கள். எனக்குச் சொல்லப்பட்டது, "இனிமே உங்களுக்கு நல்ல காலம்தான்" என்பது. நல்ல காலம் ஆறு மணிக்கு நெஞ்சை இப்படி அடிக்குமா என்று நான் என்னையே சந்தேகப்பட்டேன்.

அதே சமயம் பயமுறுத்தியும் விடாதீர்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் பல் பிடுங்கிவிட்டு, மாத்திரை தொட்டால் சோபர் (போதையில்லாமல் இருக்கிற நிலை) போய்விடும் என்று இரண்டு நாள் வாயைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். பாரசிட்டமாலே கூடாது என்று நாங்கள் புரிந்துகொண்டால் அடுத்து இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் என்று போவோம், புண்ணான வயிற்றில் ரத்தக் கசிவையும் கிட்னிப் பாதிப்பையும் சேர்த்து வாங்கிக்கொள்வோம். ஈரல் இந்த நிலையில் இருக்கிறது, காய்ச்சல் வந்தால் இத்தனை, இதற்கு மேல் வேண்டாம், மனசுக்காகப் போடத் தோன்றினால் எங்களுக்குப் போன் பண்ணு. இதைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆகுமா? உங்களைப் பிடிக்க முடியாத ராத்திரிகளுக்காக அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐயும் அதிலேயே எழுதிவிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசுகிறார்கள், இரண்டு தடவை நானே பேசியிருக்கிறேன்.

நான் இப்போது நீங்கள் எழுதிய அந்த மாத்திரையைத்தான் போடுகிறேன், ஆறு மணிக்கு மகளோடு பள்ளி மைதானத்தைச் சுற்றி நடக்கிறேன், படபடப்பு வருகிறது, போகிறது. என்சைம் இறங்கியிருக்கிறது. அடுத்த ரிவ்யூ வருகிற புதன்கிழமை. போன தடவை நீங்கள் கேட்காததால் இதையெல்லாம் நானும் சொல்லவில்லை. இந்தத் தடவை நானே ஆரம்பித்தால் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும், பின்னால் வரிசையில் நிற்பவர்களிடம் கொஞ்சம் சொல்லி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
14 மாதமாகக் குடிக்காத, உங்கள் நோயாளி ஒருவன்