மனநல கிளினிக்கின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் மனநல சேவைகள் ஊர்ப்புறங்கள் வரை வந்து சேர்ந்தது பெரிய காரியம். அதற்காக உழைத்தவர்களை நன்றியோடு நினைக்கிறேன். ஆனால், அந்தச் சேவை எப்படி நடக்கிறது என்று கேட்டால், எத்தனை கிளினிக், எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கே பதிலாகக் கிடைக்கிறது.

பராமரிப்பின் தரத்தைக் கட்டமைப்பு, செயன்முறை, விளைவு என்ற மூன்றினூடாக நோக்கலாம் என மருத்துவத் தர ஆய்வாளர் அவெடிஸ் டொனபீடியன் 1966இல் எழுதினார். கட்டில்களும் வைத்தியர்களும் முதலாவதில் அடங்கிவிடும்; நோயாளியை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது இரண்டாவது, அதனால் அவருக்கு என்ன ஆனது என்பது மூன்றாவது. நமது பேச்சு அதைத் தாண்டுவது அரிது.

என் உறவினர் ஒருவருக்குத் துணையாக நான் கிளினிக்குக்குப் போய்வருகிறேன். கொப்பியைத் திறந்து பழைய மருந்தையே திரும்ப எழுதும்போது, "குளிசை ஒழுங்காகக் குடிக்கிறீங்களா?" என்ற ஒரேயொரு கேள்வி வரும், அவரும் "ஓம்" என்பார். தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாதபடி அவருடைய கை நடுங்குவதும், அதனாலேயே அவர் கடை வேலையை விட்டதும் அந்தக் கொப்பியில் எங்குமே இல்லை. கணக்கிலோ, அவர் தவறாமல் வருகின்ற நல்ல நோயாளி.

ஆஸ்பத்திரியின் மனநல விடுதியிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் 7 நாட்களுக்குள்ளும் 30 நாட்களுக்குள்ளும் மீண்டும் பார்க்கப்பட்டாரா என்பதை அமெரிக்காவில் ஒரு தரக் குறிகாட்டியாகவே கணக்கெடுக்கிறார்கள். விடுதியை விட்டு வந்த முதல் சில வாரங்களில்தான் தற்கொலை ஆபத்து மிக அதிகம் என்பதால் இது வெறும் எழுத்து வேலையல்ல. வெல்லாவெளி, வாகரைப் பக்கத்து நோயாளி ஒருவர் குறித்த திகதிக்கு வராவிட்டால், அவரைத் தேடி யார் போனார், எத்தனை நாளில் போனார் என்பதே நான் அறிய விரும்பும் எண். மீண்டும் விடுதிக்கு வந்தோர் குறைவு என்பதை மட்டும் வைத்து மகிழ்வதும் சரியல்ல. சிகிச்சையையே கைவிட்டு வீட்டில் அடைந்துகிடப்பவரும் அந்தக் குறைவுக்குள் மறைந்திருக்கக்கூடும்.

விளைவை இரத்த அழுத்தம் போலக் கருவியால் அளக்க முடியாது. நோயாளியிடமும் வீட்டாரிடமும் கேட்டே ஆகவேண்டும். மருந்து தருபவரே கேட்டால் எல்லாரும் "நல்லம்" என்றுதான் சொல்வார்கள். ஆகவே, மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை பிராந்திய சுகாதாரப் பணிமனைகள், கிளினிக்கைச் சாராத ஒருவரைக் கொண்டு நித்திரை, தொழில், பக்கவிளைவு, மரியாதையாக நடத்தப்பட்டமை ஆகியவற்றைக் கேட்டறிந்து, பெயர் விபரமின்றி ஆண்டுதோறும் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
வாசகி ஒருவர்,
களுவாஞ்சிகுடி.