பைபாஸ் வால்வைப் பூட்டி, கசடு உறிஞ்சு கலனைச் சரிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்
தொழிற்பேட்டைப் பின்தெருக் குடியிருப்போர்

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்

பார்வை: இதே பொருள் குறித்து அளித்த மூன்று மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உலோகப் பூச்சு போடும் பிளேட்டிங் பட்டறைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையம், அதை ஒட்டிய ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் ஊர்க் கிணறு, மூன்றும் தாங்கள் நேரில் பார்த்தவை. வீட்டுக் கழிவுநீர்க் கசட்டைக் காயவைத்துப் பொடியாக்கி அங்கே கலனில் நிரப்பியிருக்கிறார்கள். முறை நல்ல முறைதான். கசட்டில் உள்ள செத்த பாக்டீரியாக்களின் செல்சுவர் பட்டறைக் கழிவுநீரில் இருக்கும் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். நடத்தும் விதம்தான் சரியில்லை.

1. உலர்ந்த பொடி தண்ணீர் பட்டதும் ஊதிக் களியாகிறது. கலன் அடைக்கிறது, பம்பில் அழுத்தம் ஏறுகிறது, கலனுக்குள் போகாமல் கழிவுநீரை நேரே ஓடைக்கு விடும் பைபாஸை ஆபரேட்டர் திறக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டோம். வேறு வழி அவருக்குத் தரப்படவில்லை. இரவு முழுக்க மஞ்சள் தண்ணீர் ஓடைக்குப் போகிறது. விடிந்ததும் வால்வை மூடி, அடைப்பெடுத்து, அப்புறம் மாதிரி எடுக்கிறார்கள். தாளில் எல்லாம் சரி! ஓடையில் விடும் நீரில், அந்த மஞ்சளைத் தரும் நச்சான ஹெக்ஸா குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. குடிநீரில் மொத்தக் குரோமியமே 0.05தான். அந்த அளவில் மஞ்சள் கண்ணுக்குத் தெரியாது. நிறம் போனால் நஞ்சு போயிற்று என்று அர்த்தமில்லை.

2. கலனுக்குள் போகும் நீரின் பி.எச். (அமில-கார அளவு) 7, 8 என்று இருக்கிறது. ஹெக்ஸா குரோமியம் எதிர்மின் அயனி. அதைப் பிடிக்க 2 வேண்டும். நிக்கல் நேர்மின் அயனி. அதற்கு 5 அருகில் வேண்டும். இரண்டையும் ஒரே கலனில் பிடிக்க நினைப்பது வீண். முதலில் கலக்கும் தொட்டி வையுங்கள்: கந்தக அமிலத்தால் 2-க்கு இறக்கி, பொடியோடு போதிய நேரம் கலக்கினால் பெரும்பகுதி நச்சு குறைந்த ட்ரை குரோமியமாக மாறும். பிறகு வடிகட்டி, காஸ்டிக் சோடாவால் 4.5-க்கு ஏற்றி, நிக்கலையும் ட்ரை குரோமியத்தையும் பிடிக்கும் இரண்டாம் கலனுக்கு அனுப்பலாம். சுண்ணாம்பு வேண்டாம், உலோகம் உட்கார வேண்டிய இடத்தில் கால்சியம் உட்கார்ந்துவிடும்.

3. இரண்டாம் கலனில் பொடி கூடாது. 2 சதவீத சோடியம் ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் பசை) கரைசலில் பொடியைக் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால் மணிமணியாக இறுகும். தண்ணீர் இடையில் புகுந்து போகும். அடைப்பில்லை என்றால் பைபாஸ் எதற்கு?

4. சயனைடு வரும் குழாய் அமிலத் தொட்டியில் சேரவே கூடாது. சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு, ஆளைக் கொன்றுவிடும்.

5. உலோகம் ஏறிய பழைய கசடு மூட்டைகள் சுற்றுச்சுவர் ஓரம் மழையில் நனைகின்றன. அவை 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அபாயகரக் கழிவு. எரு என்று யாராவது வயலுக்கு அள்ளிப்போகும் முன் கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயகரக் கழிவு நிலையத்துக்கு அனுப்புங்கள்.

6. மறுபடியும் பைபாஸ்தான், ஐயா. மற்றதற்கெல்லாம் டெண்டர் வேண்டும், நாள் பிடிக்கும் என்பது தெரியும். ஒரு பூட்டுக்கு என்ன டெண்டர்? மூன்று மனுவுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றுகூட ஒரு வரி வரவில்லை. கிணற்றில் வாளி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

வால்வை இன்றே பூட்டி முத்திரையிடவும், இரவு நேரத்தில் முன்னறிவிப்பின்றி மாதிரி எடுக்கவும், அதுவரை பின்தெருவுக்கு லாரித் தண்ணீர் விடவும் தாழ்மையுடன் வேண்டுகிறோம். வால்வைப் பூட்டுங்கள், ஐயா.

இப்படிக்கு,
பின்தெருக் குடியிருப்போர்